நீல மார்லின் தூண்டில் வேட்டை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆழ்கடலில் ராடும் (தூண்டில் கழி) ரீலுமாக (தூண்டில் இழையான நரம்பு சுற்றிய உருளை) நீல மார்லினைப் பிடிக்கும் விளையாட்டைப் பற்றிப் பேச்செடுத்தாலே சில கேள்விகள் திரும்பத் திரும்ப வரும். அவற்றைத் திரட்டி, எனக்குத் தெரிந்த பதில்களோடு இங்கே தருகிறேன். பிடித்த மீனைச் சீக்கிரமாகவும் உயிரோடும் திருப்பி அனுப்புவதுதான் இதில் கெட்டிக்காரத்தனம் என்று நினைக்கிறவன் நான். பதில்களில் அந்தச் சாய்வு தெரியும்.

நீல மார்லின் எந்த மீன்? மயில் மீன், கருப்பு மார்லின் எல்லாம் வேறா?

எல்லாம் உறவுக்காரர்கள், ஆனால் வேறு வேறு மீன்கள். மேல்தாடை ஈட்டி மாதிரி நீண்டிருக்கும் இந்தக் கூட்டத்தைக் கடற்கரைகளில் கொப்பரன் என்று பொதுவாகச் சொல்வதுண்டு. முதுகுத் துடுப்பு பாய்மரம் போல முழு நீளத்துக்கும் விரிந்தால் அது மயில் மீன். நீல மார்லினுக்குத் துடுப்பின் முன்நுனி மட்டும் உயர்ந்து, பின்னால் சரேலென்று தாழ்ந்துவிடும்.

கருப்பு மார்லினோடுதான் குழப்பம் வரும். நெஞ்சுத் துடுப்பைப் பிடித்து உடம்போடு மடக்கிப் பாருங்கள். மடங்கினால் நீலம், விறைத்து நின்றால் கருப்பு.

இன்னொன்று, அந்த நீல நிறம் உயிரோடு இருக்கும்வரைதான். இரையைத் துரத்தும்போது உடம்பின் பக்கங்களில் உள்ள கோடுகள் உள்ளே விளக்குப் போட்ட மாதிரி எரியும். செத்து, எடைத் தராசில் தொங்கும்போது அதே மீன் வெறும் சாம்பல் நிறம். தராசுப் புகைப்படத்தை மட்டும் பார்த்தவர் நீல மார்லினைப் பார்த்ததாகவே நான் கணக்கில் எடுப்பதில்லை.

எவ்வளவு பெரிதாக வளரும்?

பெரிய மீன் என்றால் அது பெண்தான். ஆண் 150 கிலோவைத் தாண்டுவதே அபூர்வம். பெண் 500, 600 கிலோ வரை போகும்.

இந்த விளையாட்டில் எல்லாக் கணக்கும் பவுண்டில்தான். ஆயிரம் பவுண்டைத் தொட்ட மீனுக்கு, அதாவது சுமார் 454 கிலோ, 'கிராண்டர்' என்று பெயர். நீல மார்லினில் முதல் கிராண்டரை 1954-ல் ஹவாயில் ஜார்ஜ் பார்க்கர் பிடித்தார், 1,002 பவுண்ட். அட்லாண்டிக் பெருங்கடலின் சாதனை 1992 பிப்ரவரி 29 அன்று பிரேசிலின் விட்டோரியா அருகே பாலோ அமோரிம் பிடித்த 1,402 பவுண்ட் மீன், கிட்டத்தட்ட 636 கிலோ. பசிபிக்கில் 1982-ல் ஹவாயின் கோனாவில் 1,376 பவுண்ட்.

வயதைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். 2009-ல் ஹவாயில் பிடிபட்ட 1,245 பவுண்ட் மீனின் காதுக்குள் இருக்கும் சிறு கல்லை ஆராய்ந்தபோது வயது 20 என்று தெரியவந்தது. அவ்வளவு பெரிய உடம்புக்கு இருபது வருடம் ஒன்றும் அதிகமில்லை. குஞ்சாக இருக்கும்போது ஒரே நாளில் 16 மில்லிமீட்டர் வரை நீளும் மீன் இது.

எங்கே போக வேண்டும்? எந்த மாதம்?

வெதுவெதுப்பான, தெளிந்த, ஆழமான நீர் வேண்டும். ஆழம் கரைக்குப் பக்கத்திலேயே இருந்தால் அதிர்ஷ்டம். கோனா பெயர் வாங்கியது அதனால்தான். ஹவாய்த் தீவின் மேற்குக் கரையில் கடலடி மளமளவென்று இறங்கிவிடுகிறது. கிழக்கிலிருந்து வரும் வணிகக் காற்றை மௌனா லோவா, ஹுவாலாலாய் என்ற எரிமலைகள் சுவராக நின்று தடுக்கின்றன. அதனால் மற்ற பக்கங்களில் அலை புரளும்போதும் இங்கே கடல் குளம் போலக் கிடக்கும். வருடம் முழுக்க மீன் உண்டு, கோடையில் கூடுதல்.

அட்லாண்டிக்கில் மதேராவும் அசோர்ஸும் வடக்குக் கோடையில் பெரிய மீனுக்குப் பேர்போனவை. கேப் வெர்டேயில் எண்ணிக்கை அதிகம். பெர்முடாவில் ஜூலை மாதம். மொரீஷியஸில் நவம்பர் முதல் மார்ச் வரை. விட்டோரியாவிலும் ஏறக்குறைய அதே பருவம்தான்.

ஊரைவிட முக்கியம், அன்றைக்கு நீரோட்டம் எங்கே மோதுகிறது என்பது. கடலுக்கடியில் சரிவில் நீரோட்டம் முட்டி மேலெழும் இடத்தில் சின்ன மீன் கூடும், அதைத் தேடிச் சூரை வரும், சூரையைத் தேடி மார்லின் வரும். பறவைகள் வட்டமிடும் இடத்தை கேப்டன் விடாமல் பார்த்துக்கொண்டிருப்பது அதற்காகத்தான்.

படகை ஓட்டிக்கொண்டே எப்படி மீன் பிடிக்கிறார்கள்?

அதுதான் ட்ரோலிங். ஓடும் படகின் பின்னால் இரைகளை இழுத்துக்கொண்டே போவது. போலி இரை என்றால் 7 முதல் 9 நாட் வேகம் (மணிக்குச் சுமார் 13 முதல் 17 கிலோமீட்டர்), உண்மையான மீனைக் கட்டி இழுத்தால் அதைவிட மெதுவாக.

படகின் இரண்டு பக்கமும் நீண்ட கழிகள் சாய்ந்து நிற்குமே, அவை அவுட்ரிக்கர்கள். நரம்பை அகலமாகப் பிரித்துப் பிடிப்பது அவற்றின் வேலை. பொதுவாக ஐந்து இரைகள் ஓடும்: படகுக்குப் பக்கத்தில் இரண்டு, ரிக்கர் கழிகளிலிருந்து இரண்டு, நடுவில் எல்லாவற்றுக்கும் பின்னால் ஒன்று. கடைசியாக வருவதற்கு 'ஷாட்கன்' என்று பெயர்.

படகு கிழித்துப் போகும் பாதையில் அலைகள் வரிசையாக எழும்பும். ஒவ்வொரு போலி இரையும் ஏதாவது ஓர் அலையின் முன்முகத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். நன்றாக ஓடும் இரை மேலே வந்து ஒரு மூச்சுக் காற்றை விழுங்கும், உடனே தலையைத் தாழ்த்தி முங்கும், பின்னால் குமிழிகளாலான ஒரு புகை வால் நீளும். சில விநாடி கழித்து மறுபடி மூச்சு. மூச்சு வாங்காமல் பல்டி அடிக்கிறதா, ஒரே பக்கமாகச் சாய்ந்து ஓடுகிறதா? நரம்பை அரை மீட்டர் விட்டோ இழுத்தோ சரிசெய்ய வேண்டும். காலை முழுக்க டெக்ஹேண்ட், அதாவது படகின் உதவியாளர், செய்துகொண்டிருப்பது இந்த அரை மீட்டர் வேலையைத்தான். பார்க்கிறவருக்கு அவர் சும்மா நிற்கிற மாதிரி தெரியும்.

போலி இரை நல்லதா, உண்மை இரை நல்லதா?

இரண்டுக்கும் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள், சண்டை ஓயாது. போலி இரையால் ஒரு நாளில் பெரும் பரப்பைத் தேடலாம். ரெசின் ஊற்றி, தலை செதுக்கி, பின்னால் பாவாடை மாதிரி இழைக் குஞ்சம் கட்டும் இன்றைய வடிவம் கோனாவில் வளர்ந்தது. ஹென்றி சீ என்ற கேப்டன் கண்ணாடிக் கோப்பையையே அச்சாக வைத்து ரெசின் தலைகளை வார்த்தவர். கோனாக்காரர்கள் இன்றைக்கும் அவர் பெயரைச் சொல்வார்கள்.

உண்மை இரை என்றால் வரிச்சூரையை உயிரோடு முள்ளில் கோத்து மெல்ல இழுப்பார்கள். மூன்றாவதாக ஒரு வழி உண்டு, எனக்குப் பிடித்ததும் அதுதான். முள்ளே இல்லாத ஆசைகாட்டி இரைகளை மட்டும் ஓட்டி, மார்லின் மேலே வந்ததும் அதை இழுத்தெடுத்துவிட்டு, முள்ளோடு உள்ள உண்மை இரையை அதன் மூக்குக்கு நேரே வீசுவது. வருகிற மீனின் அளவைப் பார்த்து ராடை எடுக்கலாம், நுனி உள்நோக்கி வளைந்த வட்ட முள் போடலாம், மீன் தின்பதைக் கண்ணால் பார்க்கலாம். ஆனால் கை நடுங்காமல் இருக்க வேண்டும்!

என்ன கருவிகள் வேண்டும்?

வாடகைப் படகில் போனால் எல்லாம் அங்கேயே இருக்கும். தெரிந்துகொள்ள வேண்டியது எண்களின் அர்த்தம் மட்டும். 80 பவுண்ட், 130 பவுண்ட் என்று சொல்வது நரம்பு அறுபடும் விசையை, மீனின் எடையை அல்ல. 130-தான் சாதனைப் பட்டியலில் இருக்கும் தடித்த வகுப்பு. நரம்பின் நுனியில், முள்ளுக்கு முன்னால், சில நூறு பவுண்ட் தாங்கும் தடித்த நைலானில் ஒரு துண்டு கட்டியிருக்கும். அதுதான் லீடர். மார்லினின் ஈட்டி மூக்கு அரம் மாதிரி சொரசொரப்பாக இருக்கும், மெல்லிய நரம்பை அறுத்துவிடும்.

மீன் கடித்த பிறகு என்ன நடக்கும்? நான் என்ன செய்ய வேண்டும்?

முதலில் அவுட்ரிக்கரில் நரம்பைப் பிடித்திருக்கும் கிளிப் 'டப்' என்று விடும். அடுத்த கணம் ரீல் கத்தத் தொடங்கும். அந்தச் சத்தத்தில் படகில் இருப்பவர் எல்லாம் எழுந்துவிடுவார்கள். மீன் முதல் ஓட்டத்திலேயே இருநூறு, முந்நூறு மீட்டர் நரம்பை உருவிக்கொண்டு போகலாம். அப்போது உங்கள் வேலை ஒன்றும் செய்யாமல் இருப்பது. டெக்ஹேண்ட் மற்ற நரம்புகளைச் சுருட்டி வழியைக் காலி செய்வார், பிறகு ராடைப் படகின் பின்தளத்தில் பொருத்தியிருக்கும் நாற்காலிக்குக் கொண்டுவந்து உங்கள் முன்னால் குழியில் பொருத்துவார், பெல்ட்டை மாட்டுவார். சுற்ற முடியும்போது சுற்றுங்கள். மீன் ஓடும்போது சுற்றாதீர்கள். கையால் இழுக்காமல், காலை உதைத்து உடம்பைப் பின்னால் சாய்த்து இழுங்கள்.

நான் முதல் மீனை இழந்த கதையைச் சொல்கிறேன். நரம்பு போய்க்கொண்டே இருந்தது. ரீலில் பாதிக்கு மேல் காலி. பயந்துபோய் ரீலின் பிரேக் நெம்புகோலை (நரம்பு ஓடுவதை இறுக்கிப் பிடிப்பது அதுதான்) இன்னும் கொஞ்சம் மேலே தள்ளினேன். துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம், அப்புறம் ராட் லேசாகிவிட்டது. யாரும் எதுவும் சொல்லவில்லை, அதுதான் கொடுமை.

தவறு எங்கே என்றால், நரம்பு குறையக் குறைய ரீலின் சுற்றளவு சுருங்குகிறது. பிரேக்கைத் தொடாமலே இருந்தாலும் இழுவிசை ஏறும். சுருளின் விட்டம் பாதியானால் இழுவிசை இரண்டு மடங்கு. போதாததற்கு, தண்ணீருக்குள் வளைந்து கிடக்கும் அத்தனை நரம்பையும் மீன் இழுத்துக்கொண்டு ஓடுகிறது, அந்தப் பாரமும் சேரும். ஆகவே நரம்பு நிறையப் போகும்போது பிரேக்கைத் தளர்த்த வேண்டும். மனசு சொல்வதற்கு நேர் எதிர். புறப்படும்போது நரம்பின் தாங்கும் விசையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் பிரேக்கை வைப்பார்கள், அதையும் ஒரு வில்தராசை மாட்டி இழுத்து அளந்து.

அப்படியானால் உண்மையில் மீனைப் பிடிப்பது யார், ராட் பிடித்தவரா கேப்டனா?

நல்ல கேள்வி. என் கணக்கில் பாதிக்கு மேல் கேப்டன். படகைப் பின்னோக்கிச் செலுத்தி மீனைத் துரத்துவது அவர்தான். பின்பக்கச் சுவரில் அலை மோதி நாற்காலியில் இருப்பவர் முழுக்க நனைந்துவிடுவார், பரவாயில்லை. மீன் நேர் கீழே இறங்கிவிட்டால் படகை முன்னே நகர்த்தி நரம்பின் கோணத்தை மாற்றி அதை மேலே வரவைப்பதும் அவர் கைவேலை. நல்ல கேப்டன் இருந்தால் இருபது நிமிடத்தில் முடியும் மீன், இல்லையென்றால் மூன்று மணி நேரம் ஆழத்தில் இழுபட்டுச் செத்தே வரும்.

இதில் ஆபத்து உண்டா?

உண்டு, பெரும்பாலும் கடைசி ஒரு நிமிடத்தில். லீடர் கைக்கு எட்டியதும் ஒருவர் கையுறை போட்ட கையில் அதைச் சுற்றி மீனைப் பக்கத்தில் இழுக்க வேண்டும். அவர் லீடர்மேன். சுற்று எப்படிப் போட வேண்டும் என்றால், கையைத் திறந்தால் நரம்பு தானாக நழுவிப் போகும்படி. சுற்று ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பூட்டிக்கொண்டால் மீன் திரும்பி ஓடும்போது ஆளையும் இழுத்துக்கொண்டு போய்விடும். அப்படிக் கடலுக்குள் இழுக்கப்பட்டு உயிர் போனதும் நடந்திருக்கிறது. மீன் படகை நோக்கிக் குதிப்பதும் உண்டு. இழுத்த லீடர் தளத்தில் சுருண்டு கிடந்தால் அதற்குள் கால் வைக்காதீர்கள். முதல் முறை வருகிறவர்கள் லீடரைத் தொடவே வேண்டாம்.

சாதனை என்று எதை ஏற்கிறார்கள்?

1939-ல் தொடங்கிய சர்வதேச விளையாட்டு மீன்பிடிப்புச் சங்கம், சுருக்கமாக ஐ.ஜி.எஃப்.ஏ., விதிகளை வைத்திருக்கிறது. முக்கியமானது: மீன் கடித்ததிலிருந்து லீடர் கைக்கு வரும்வரை ராடையோ ரீலையோ நரம்பையோ ஒருவர் மட்டுமே தொடலாம். லீடரின் நீளத்துக்கும் வரம்பு உண்டு, தடித்த நரம்பு வகுப்புகளில் 30 அடி.

இந்த விதி எவ்வளவு கறாரானது என்பதற்கு 1970-ன் கதை போதும். ஹவாயின் ஓவாஹு தீவுக்கு அப்பால் கேப்டன் சோய் படகில் 1,805 பவுண்ட் மீன் ஒன்று வந்தது. ராடிலும் ரீலிலும் பிடிபட்டவற்றில் அதைவிடப் பெரிய மார்லின் பதிவாகவில்லை. ஆனால் ராடைப் பலர் மாற்றி மாற்றிப் பிடித்தார்கள், ஆகவே சாதனைப் பட்டியலில் அதற்கு இடமில்லை.

இன்னொரு விதி, சுறா கடித்த மீன் செல்லாது. 2023 ஜூனில் வட கரோலினாவின் பிக் ராக் போட்டியில் 'சென்சேஷன்' என்ற படகு ஆறு மணி நேரம் போராடி 619.4 பவுண்ட் நீல மார்லினைக் கரைக்குக் கொண்டுவந்தது. உடம்பில் கடித்த காயம் இருந்தது. தகுதி நீக்கம், கைக்கு எட்டாமல் போன பரிசு சுமார் 35 லட்சம் டாலர். கேட்கும்போது அநியாயமாகத்தான் படும். ஆனால் காயப்பட்ட மீன் முழு பலத்தோடு போராடவில்லை என்ற வாதத்தில் அர்த்தம் இருக்கிறது. நான் நடுவராக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன், வருத்தத்தோடு.

பிடித்து விட்டுவிட்டால் மீன் பிழைக்குமா?

பெரும்பாலும் பிழைக்கும், ஆனால் எப்படிப் பிடித்தீர்கள் என்பதைப் பொறுத்தது. நெருங்கிய உறவான வெள்ளை மார்லினில் செயற்கைக்கோள் பட்டை கட்டி ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2005-ல் வெளியானது. உண்மை இரையில் ஜே வடிவ முள் போட்டுப் பிடித்துத் திரும்ப விட்ட 20 மீன்களில் 7 செத்தன. வட்ட முள்ளில் பிடித்த 20-ம் பிழைத்தன. வட்ட முள் தொண்டைக்குள் குத்தாமல் வழுக்கி வந்து வாய் ஓரத்தில் மாட்டும், அவ்வளவுதான் ரகசியம். அமெரிக்காவின் அட்லாண்டிக் போட்டிகளில் உண்மை இரைக்கு வட்ட முள் கட்டாயம்.

முள்ளைத் தாண்டி மூன்று விஷயம். ஒன்று, நேரம். பலமான கருவியை எடுத்துச் சீக்கிரம் முடியுங்கள். மெல்லிய நரம்பில் நாலு மணி நேரம் போராடியதைப் பெருமையாகச் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். இரண்டு, மீனைத் தண்ணீரை விட்டு வெளியே எடுக்காதீர்கள். தன் எடையைத் தண்ணீர் தாங்கப் பழகிய உடம்பு அது. படகின் ஓரத்தில் கிடக்கும்போதே படம் எடுத்துக்கொள்ளலாம். மூன்று, களைத்துப்போன மீனை அப்படியே விடாதீர்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு படகை மெதுவாக முன்னே ஓட்டினால் வாய் வழியாக நீர் புகுந்து செவுளைக் கடக்கும். சில நிமிடத்தில் மங்கிய நிறம் திரும்பும், வால் ஒரு தடவை பலமாக அடிக்கும். அப்போது விடுங்கள்.

நீல மார்லினை அழியும் அபாயமுள்ள இனமாகச் சர்வதேசப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். அதிகம் சாவது விளையாட்டுத் தூண்டிலில் அல்ல, சூரைக்காகப் போடும் நீண்ட ஆயிரம் முள் தூண்டில்களில். அதைச் சொல்லி நம் பங்கை மறைக்கக் கூடாது.

விட்டுவிட்டால் எடையை எப்படிச் சொல்வது?

கீழ்த்தாடை நுனியிலிருந்து வால் கவை வரை நீளம், பருத்த இடத்தில் சுற்றளவு, இரண்டும் அங்குலத்தில். சுற்றளவை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 800-ஆல் வகுத்தால் பவுண்ட் கிடைக்கும். சுற்றளவு 55, நீளம் 110 என்றால் சுமார் 416 பவுண்ட். தண்ணீரில் கிடக்கும் மீனின் சுற்றளவைச் சரியாக அளப்பது கஷ்டம், ஆகவே எல்லாரும் நூறு பவுண்ட் கூட்டித்தான் சொல்வார்கள். நானும்.

சாப்பிடலாமா?

சாப்பிடுகிறார்கள், ஹவாயில் கடையிலேயே கிடைக்கும். அமெரிக்கப் பெருநிலப்பரப்பில் விற்பதற்குத் தடை. பாதரசம் அதிகம் என்பதால் கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டிய மீன் பட்டியலில் மார்லின் இருக்கிறது.

மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் நீந்துமாமே?

பழைய கதை. அளந்து பார்த்த ஆய்வுகள் அதில் பாதியைக்கூடக் காட்டுவதில்லை. ஆனால் ரீல் கத்தும்போது நூற்றுப்பத்தை நம்பத்தான் தோன்றும்.

முதல் முறை போகிறேன். ஒரே நாளில் மீன் கிடைக்குமா?

கிடைக்காமல் போகவே வாய்ப்பு அதிகம். முடிந்தால் அடுத்தடுத்து மூன்று நாள் வைத்துக்கொள்ளுங்கள். குமட்டல் மாத்திரையைப் படகில் ஏறிய பிறகு போட்டால் பலனில்லை, முந்தைய இரவே போடுங்கள். மீன் கிடைத்தால் வைத்துக்கொள்வதா விடுவதா, யாருக்குச் சொந்தம் என்பதைக் கரையிலேயே பேசிவிடுங்கள். சில துறைமுகங்களில் மீன் படகுக்குத்தான் என்பது பழக்கம்.

ஒன்றும் கடிக்காத நேரத்தில் என்ன செய்வது?

தூங்கலாம், பலர் தூங்குவார்கள். ஆனால் கண்ணை இரைகள் மேல் வைத்திருந்தால் படகில் உங்கள் மதிப்பு ஏறும். முதலில் நீல நிறத்தைத் தேடாதீர்கள். இரைக்குப் பின்னால் நீருக்குள் ஒரு பழுப்பு நிழல்தான் தெரியும், மரக்கட்டை மிதக்கிற மாதிரி. கட்டை என்றால் பின்தங்கிப் போய்விடும். அது படகோடு சேர்ந்து வந்தால், எந்தப் பக்கம் என்பதைச் சேர்த்துச் சத்தம் போடுங்கள்: "இடது ரிக்கர்!"